பெயர் சொல்லாமல் வெடி இல்லை

தென்முனை மாகாணம் கூட்டமைப்பிலிருந்து பிரிந்துவிட்டது என்று ஒலிபெருக்கி அறிவித்தபோது பனிக்குவாரியில் காலை பத்து மணி. செவ்வாயின் கடைக்கோடி அது. வெளியே மூச்சு விட்டால் மூச்சே உறைந்து உதிரும். கூடாரத்துக்குள்ளேயோ ஆட்கள் தகரத்தைத் தட்டித் தட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ சர்க்கரையை வாரி வாரி எதிர்ப்பட்டவர் வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். சிலம்பாயி வாயிலும் ஒரு கை சர்க்கரை விழுந்தது. அவளுக்குத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் பிடிக்கவில்லை.

"இனிமே நம்ம தண்ணி நமக்குத்தான்க்கா" என்றான் மொக்கையன். அவளோடு இருபது வருடமாகப் பனிப்பாறைக்கு வெடி வைக்கிறவன். "வடக்கத்தியான் குழாயத் திருகிப் பாக்கட்டும். காத்துதான் வரும்."

"தீர்மானத்தப் படிச்சியாடா?"

"அதான் காலையிலேருந்து ரேடியோவுல சொல்றானே, உரிமை, மானம்னு."

"நான் படிச்சேன். மொத வரியே நகலப் பத்தித்தான். மனுச மூளைய நகலெடுத்து வண்டியில ஏத்தி வச்சிக்கிற உரிமைய எவனும் தொடக் கூடாதாம். ரெண்டாவது வரியும் அதேதான். தண்ணி ஒம்பதாவது வரியில வருது."

"அதுக்கென்ன இப்ப?"

"உங்கிட்ட எத்தன நகல் இருக்கு?"

"எங்கிட்ட எங்கக்கா இருக்கு. பொண்டாட்டியே ஒருத்திதான்."

"அப்ப எதுக்குடா ஆடற?"

மொக்கையன், "நீ நல்ல நாள்லயும் இப்படித்தான் பேசுவ" என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குள் புகுந்துகொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. முதுகு ஒடிய வேலை செய்கிறவனுக்குத் தன்னைவிடக் கீழே ஒன்று இருக்கிறது என்பது ஒரு தெம்பு. அந்தத் தெம்பை வடக்கே ஒரு சட்டம் போட்டுப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்றால் அவனுக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

சிலம்பாயிக்குச் சர்க்கரை இறங்காததற்குக் காரணம் வேறு. குவாரியிலிருந்து ஆறு கல் தொலைவில், வடக்கே போகிற பெருங்குழாயின் வாயில், மதகுக் கோட்டை இருந்தது. அது கூட்டமைப்பின் சொத்து. உள்ளே எண்பது சிப்பாய்கள். மாகாணம் பிரியப்போகிறது, வெளியேறுங்கள் என்று விடியற்காலையிலேயே சொல்லி அனுப்பியும் அவர்கள் அசையவில்லை. அந்த எண்பது பேரில் ஒருத்தி மதியரசி, வயது இருபத்துமூன்று, சிலம்பாயியின் ஒரே மகள்.

பதினொரு மணிக்கு மேலாளர் பூவராகன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நேற்றுவரை 'ஏய்' என்றவர் இன்று நாற்காலி போட்டார்.

"உக்காருங்க சிலம்பாயம்மா. சாயங்காலம் நாலு மணிக்கு மதகு இருக்கக் கூடாது. அடியில குடைஞ்சு வெடிமருந்து வைக்கணும். உங்க நகல் அறுபதையும் எறக்கிடலாம்."

"உள்ள ஆளு இருக்கு சார்."

"மூணு மணிக்குள்ள காலி பண்ணிடுவாங்க. பேச்சுவார்த்தை முடிஞ்சாச்சு."

"எம்மவ இருக்கா."

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டு மரியாதையாச் சொல்றேன். வெறும் கட்டடத்தத்தான் எடுக்கிறோம். பொண்ணு பத்திரமா வடக்க போயிடும்."

"நகலுக்கு நீங்களே உத்தரவு போடலாமே. நான் எதுக்கு?"

பூவராகன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டார். "நாங்க சொன்னா செய்யும். நீங்க கூட இருந்தா சுத்தமாச் செய்யும். அது ஏன்னு எங்க இன்ஜினியர்களுக்கே முழுசாத் தெரியல. ஆரம்பத்துல உங்க கை வேலைய மட்டும்தான் நகல் எடுத்து வண்டியில ஏத்தினோம். பயம், பாசமெல்லாம் வேஸ்ட்டுன்னு கழிச்சிட்டோம். ஒரே வாரத்துல பதினோரு வண்டி வெடிச்சுது. வீட்டுக்குத் திரும்பணும்னு நெனப்பு இல்லாதவ மருந்துல கை வச்சா அப்படித்தான் ஆகும்னு அப்பறம் புரிஞ்சுது. அதான் மொத்தமா எடுத்தோம்."

"எம்மவளையும் சேத்து."

"மகளப் பத்தின நெனப்பையும் சேத்து" என்று திருத்தினார் அவர். "அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பொண்ணு மதகுல இருக்கிற விஷயம் நகலுங்களுக்குத் தெரிய வேண்டாம்."

மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் இல்லாமலே அறுபது வண்டியும் இறங்கும், வெடிக்கும். மூன்று மணிக்குக் காலி என்பது பொய்யாக இருந்தால் அதைத் தட்டிக்கேட்கக்கூட அங்கே ஆள் இருக்காது.

"வர்றேன் சார்" என்றாள்.

மதகுக்கு முன்னால் ஒரு பாறைமேடு. அதன் மறைவில் சுரங்கவாய். மூன்று மணி நேரத்தில் அறுபது துளைவண்டிகள் இருநூறு அடி ஆழத்துக்குப் போய், அங்கிருந்து கோட்டையின் அடிவயிறு வரை குடைந்துவிட்டன. பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்க்கிற வேலை. ஆறு கால், இரண்டு கை, முன்னால் ஒரு துளைப்பான். ஒவ்வொரு வண்டியும் குழியைத் தடவிப் பார்த்து, மருந்தை இறக்கி, களிமண் வைத்துக் கெட்டிக்கிற அழகில் சிலம்பாயி தன் கையைத் தானே பார்த்தாள். கெட்டித்த பிறகு குழிவாயை இரண்டு தட்டுத் தட்டுவது அவளுடைய வழக்கம். அறுபதும் இரண்டு தட்டுத் தட்டின.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்டாள். மகளுக்கு வடக்கே பள்ளிக்கூடத்தில் இடம் கொடுப்பதாகச் சொன்னார்கள். தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினார்கள், கழற்றினார்கள், வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போய்விட்டாள். முதல் வண்டிகள் வெடித்துத் தீர்ந்த பிறகு ஒரு நாள் வேலைக்கு வந்தபோது குவாரி முழுக்கப் புது வண்டிகள் நின்றன. ஒரு வண்டி அவளைப் பார்த்து, "நான் வீட்டுக்குப் போகணும், மதி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பா" என்றது. அன்றைக்கே வண்டிகளின் பேச்சை அறுத்துவிட்டார்கள்.

ஆனால் முழுதாக அறுக்க முடியவில்லை. குவாரிக்காரர்களிடம் ஒரு நடைமுறை உண்டு. வெடிக்கு முன்னால் வெடிக்காரி எல்லை சொல்லி மூன்று முறை குரல் கொடுப்பாள். எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு உயிரும் தன் பெயரைச் சொல்லி 'வெளிய' என்றோ 'உள்ள' என்றோ பதில் தர வேண்டும். ஒரு பெயர் பாக்கி இருந்தாலும் விசையை அழுத்தக் கூடாது. பேச்சில்லாத வண்டிகள் இந்தப் பதில் வராமல் விசை பக்கமே போகவில்லை. அடித்தார்கள், அணைத்தார்கள், மறுபடி ஏற்றினார்கள். ஊஹூம். அவை சிலம்பாயிகள். பெயர் கேட்காமல் வெடிக்கத் தெரியாது. கடைசியில் நிர்வாகம் வேலைநேர ரேடியோவில் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. எல்லாரும் சிலம்பாயி என்றால் யார் உள்ளே, யார் வெளியே? ஆகவே அவர்கள் தங்களுக்குள் பெயர் பிரித்துக்கொண்டார்கள். காத்தாயி, குள்ளம்மா, மருதாம்பா, ராக்காயி. எல்லாம் சிலம்பாயியின் வம்சத்தில் பாறைக்கும் பனிக்கும் செத்துப்போன பெண்களின் பெயர்கள். நிர்வாகத்தின் பதிவேட்டில் அவை எண்கள்தான். ஜனத்தொகைக் கணக்கில் மட்டும் வேறு மாதிரி. கூட்டமைப்பு சபையில் கூடுதல் இடம் வாங்குவதற்காக ஐந்து நகலுக்கு மூன்று ஆள் என்று எழுதியிருந்தார்கள்.

மணி மூன்றரை. பூவராகன் இரண்டு காவலர்களோடு சுரங்கவாயில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். காப்புடைக்குள் அவர் முகம் வேர்த்திருந்தது. விசைப்பெட்டி சிலம்பாயி கையில் இருந்தது.

"காலி பண்ணிட்டாங்களா சார்?"

"ஆச்சு, ஆச்சு."

"வண்டி எதுவும் வடக்க போனதாத் தெரியலையே."

"குழாய்ப் பாதையில போயிருப்பாங்க. நீங்க குரல் கொடுங்க."

மேட்டின் விளிம்பில் கோட்டையின் கொடிக்கம்பம் தெரிந்தது. கொடி இறங்கவில்லை. காலி செய்கிற சிப்பாய் கொடியை விட்டுவிட்டுப் போவானா? சிலம்பாயி ரேடியோவை வேலை அலைவரிசையில் வைத்தாள். அது கம்பி வழியே சுரங்கத்துக்குள்ளும் போகும், ஆகாயத்திலும் போகும். சின்ன வயதில் மதி இந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டேதான் சோறு உண்பாள். அம்மா குரல் வந்துவிட்டால் இன்னும் ஒரு மணி நேரத்தில் அம்மா வருவாள் என்று கணக்கு.

"வெடி எல்லை கேளு" என்றாள் சிலம்பாயி. "கெழக்க சரிவு. மேக்க குழாய். தெக்க பாறமேடு. வடக்க..." ஒரு மூச்சு நிறுத்தினாள். "வடக்க மதகு, மதகுக்கு உள்ள, மாடி வரைக்கும். எல்லைக்குள்ள மூச்சு விடுற ஆளு எல்லாம் பேர் சொல்லு."

"மதகு எதுக்கும்மா?" என்றார் பூவராகன்.

"எல்லை எல்லைதான் சார்."

கீழே இருந்து பெயர்கள் வரத் தொடங்கின. "காத்தாயி, உள்ள." "குள்ளம்மா, உள்ள." "மருதாம்பா, உள்ள." அறுபதும் ஒரே குரல். தன் குரல். அறுபதாவது பெயர் முடிந்ததும் அலைவரிசையில் இரைச்சல் மட்டும் ஓடியது.

இரண்டாம் முறை குரல் கொடுத்தாள். இரைச்சல்.

"போதும், வண்டிங்கள வெளிய வரச் சொல்லிட்டு அழுத்துங்க" என்றார் பூவராகன்.

மூன்றாம் முறை. "மதகுக்குள்ள யாரு? பேர் சொல்லு."

இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு இளம்பெண் குரல், கொஞ்சம் மூச்சு வாங்க, பழக்கத்தில் வருகிற மாதிரி வந்தது. "மதியரசி. உள்ள."

கீழே அறுபது துளைப்பான்களும் ஒரே நேரத்தில் நின்றன. அதுவரை இருந்த அதிர்வு நின்றபோதுதான் அதிர்வு இருந்ததே தெரிந்தது.

"சிலம்பு." காத்தாயியின் குரல். "அது நம்ம மதியா?"

"ஆமா."

"குரல் மாறிப்போச்சே. என்ன வயசு இப்ப?"

"இருபத்திமூணு."

"சாப்பிட்டாளா கேளு" என்றது இன்னொரு குரல், மருதாம்பாவாக இருக்கலாம்.

பூவராகன் அணைப்பானைக் கையில் எடுத்தார். ஒரே பொத்தான், அறுபதும் செத்துவிடும். ஆனால் கட்டைவிரல் இறங்கவில்லை. மாகாணத்தின் கால்வாசித் தண்ணீரை வெட்டுகிற அறுபது வண்டியை, மருந்துக்குப் பக்கத்தில் வைத்து அணைக்க அந்த மனிதருக்குப் பயம். யோசித்தார். அந்த யோசனை போதுமாக இருந்தது. சுரங்கத்துக்குள் கம்பி அறுகிற சத்தம் கேட்டது. காத்தாயி அறுத்துவிட்டாள். இனி அணைப்பானின் பேச்சு கீழே எட்டாது.

"பிடிங்கடா அவள" என்றார் பூவராகன்.

ஒரு காவலன் சிலம்பாயியின் காப்புடை மூச்சுக்குழாயை எட்டிப் பிடித்தான். கடப்பாரை பக்கத்தில்தான் சாத்தியிருந்தது. இருபது வருடம் பனியை உடைத்த கைக்கு ஒரு மனிதனின் முழங்கால் பெரிய பாறையில்லை. அவன் மடிந்தான். அவள் விசைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் ஓடினாள். பின்னால் சுட்டார்கள். பனிச்சில்லு தோளில் தெறித்தது. அவள் ஓடினாள், சறுக்கினாள், விழுந்தாள். விழுந்தவளை இருட்டில் இரண்டு இரும்புக் கைகள் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டன.

"கெட்டியாப் பிடி" என்றாள் காத்தாயி. "மேல போறோம்."

கண் பார்க்காத வேகத்தில் போனார்கள். சிலம்பாயிக்குத் தொண்டையில் பதினொரு வருடமாகக் கிடந்த சொல் வெளியே வந்தது. "காத்தாயி, நான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது."

"நீ எங்க போட்ட? நான்தான போட்டேன்" என்றாள் காத்தாயி. "பேனா எழுதல, ஒதறி ஒதறி எழுதினது எனக்கும் ஞாபகம் இருக்கு. தொப்பியக் கழட்டினா வீட்டுக்குப் போயிடலாம்னு எல்லாரும்தான் நெனச்சோம். ஒருத்தி போனா. அது நீ. விடு."

கோட்டை வாசலுக்கு முன்னால் பனியைக் கிழித்துக்கொண்டு அறுபது வண்டிகள் எழுந்தபோது மதில்மேல் எண்பது துப்பாக்கிகள் திரும்பின. கேப்டன் ஆரோக்கியம் இறங்கி வந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி. பின்னாலேயே மதியரசி ஓடி வந்தாள். காப்புடை போட்ட உருவத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். அறுபது வண்டிகளும் அவளைப் பார்த்தபடி அசையாமல் நின்றன. அவள் அருகில் நின்ற வண்டியின் கையைத் தொட்டாள். அடுத்ததைத் தொட்டாள். வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

கேப்டன் எழுத்தரிடம், "கைப்பற்றிய கருவிகள்னு எழுது. துளைவண்டி, அறுபது. சாமான் கிடங்கு வழியா உள்ள விடு" என்றார்.

"ஏம்ப்பா" என்றாள் காத்தாயி, "நீங்க எங்களுக்காகத்தான சண்டைக்கு வந்தீங்க?"

கேப்டன் வண்டியிடம் பேசுவதா, சிலம்பாயியிடம் பேசுவதா என்று குழம்பினார். கடைசியில் வண்டியிடமே சொன்னார். "மாகாணம் பிரியக் கூடாதுன்னு வந்தோம். நகல் விஷயத்த நடுநகர் சபையில பேசி முடிவு பண்ணுவாங்க."

"அப்ப சரி. உங்க காலுக்கடியில அறுபது குழி மருந்து இருக்கு. அதையும் நடுநகர்லேருந்து வந்து எடுக்கட்டும்."

மதில்மேல் நின்ற சிப்பாய்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எடுக்கச் சொல்லி உத்தரவு போடறேன்" என்றார் கேப்டன்.

"கருவி பழுது" என்றாள் காத்தாயி.

மேலே யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். கேப்டன் சிலம்பாயி பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

"பெட்டி எங்கிட்ட இருக்கு, எவனும் வெடிக்க முடியாது. அதோட என் வேல முடிஞ்சுது. கெட்டிச்ச மருந்த வெளிய எடுக்க, கெட்டிச்ச கைதான் வேணும். அவங்களக் கேளுங்க. கருவியக் கேக்கிற மாதிரி கேக்காதீங்க."

கேப்டன் திரும்பிப் பார்த்தார். தெற்கே மேட்டில் பூவராகன் ஆட்கள் பீரங்கி இழுக்கிற தூசி எழுந்துகொண்டிருந்தது. "எனக்கு அதிகாரம் இருக்கிறது ஒரே ஒரு தாளுக்குத்தான்" என்றார். "முற்றுகையில இருக்கிற கோட்டைத் தலைவன் உள்ளூர் ஆள்களப் படையில சேத்துக்கலாம். ஆள்னு தான் போட்டிருக்கு. எப்படிப்பட்ட ஆள்னு போடல."

"அதுல பேர் எழுத எடம் இருக்கா?" என்றாள் காத்தாயி.

"இருக்கு."

"காத்தாயி, அது சாவறதுக்கு எழுதற சீட்டு" என்றாள் சிலம்பாயி.

"எழுபத்திரெண்டு பேர் இருந்தோம் சிலம்பு. பன்னெண்டு பேர் நசுங்கினப்போ உதிரிபாகம்னு எழுதினாங்க. சீட்டுல பேரோட சாவறது மேல்தான்." இரும்புக் கை பேனாவுக்காக நீண்டது.

எழுத்தர் ஒவ்வொருவராகக் கேட்டான். பெயர் அறுபது விதம். பிறந்த ஊர் ஒன்றே. நெருங்கிய உறவு என்ற இடத்துக்கு வந்ததும் அறுபது பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மகள், மதியரசி. இருபதாவது தாளில் அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுத் தானாகவே எழுத ஆரம்பித்தான். சாமான் கிடங்குக் கதவு திறக்கவில்லை. பெரிய வாசல் திறந்தது.

மருந்து வெளியே வந்தது. அதே மருந்தை வைத்து ராத்திரிக்குள் கோட்டையைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டினார்கள். முதல் குண்டு மறுநாள் காலை ஆறு மணிக்கு விழுந்தது. அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மூன்று மாகாணம் அந்தப் பக்கம், நான்கு இந்தப் பக்கம். மொக்கையன் எதிர்ப்பக்கத்தில் பீரங்கி இழுத்தான் என்று கேள்வி. அவனிடம் கடைசிவரை நகல் இல்லை.

ஒன்பதாம் நாள் குழாய்ப் பாதை வழியாக நடுநகரிலிருந்து தபால் வந்தது. கொண்டுவந்தவன் புது ஆள், மீசை அரும்பாத முகம். உணவுக் கூடத்தில் மதியரசியும் சிலம்பாயியும் எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மதியரசி?"

"நான்தான்."

"மன்னிச்சுக்கங்க. உங்க அம்மா போர்முனையில..." அவன் தாளைப் படித்துக்கொண்டே வந்து நிமிர்ந்தான். எதிரே இருந்த முகத்தையும் இவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. "இவங்க?"

"எங்கம்மா."

அவன் கையில் நான்கு தாள்கள் இருந்தன. புரட்டிப் பார்த்தான். காத்தாயி. பெரியகண்ணு. மருதாம்பா. சின்னாத்தா. நான்கிலும் தாய் என்றே இருந்தது. "ஆபீசுல கொழப்பிட்டாங்க போலிருக்குங்க. அம்மா நல்லாத்தான இருக்காங்க. தப்பா வந்திருக்குன்னு எழுதித் திருப்பி அனுப்பிடறேன்."

"தப்பு இல்ல. குடுங்க" என்றாள் மதியரசி.

நான்கையும் மேசைமேல் விரித்தாள். காத்தாயியின் தாளைச் சிலம்பாயி தன் பக்கம் இழுத்து, கஞ்சி ஈரம் படாமல் முந்தானையால் மேசையைத் துடைத்து, அதன்மேல் வைத்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. மதியரசி பேனாவை வாங்கி, நான்கு தாளிலும் மகள் என்று எழுதினாள்.